விலக்குக் கிடைத்த தாள்கள்

(கல்வி நிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு நிதி பெறுவோரில் கணக்கியல் பட்டதாரிகள் சிலர் ஏ.சி.சி.ஏ. தேர்வுக்குப் பதிந்திருப்பதாகச் செயலாளர் கூறினார். இடைநிலைப்பள்ளியில் பல்லாண்டு கணக்கியல் கற்பித்தவன் என்ற முறையில் அவர்களிடம் ஒரு செய்தியை மட்டும் பேச விரும்புகிறேன்.

இலண்டனில் 1904-இல் தோன்றிய அக்கழகத்தின் இப்போதைய அமைப்பில் தேற வேண்டிய தாள்கள் 13. பட்டதாரிகளுக்கு, படித்த பாடங்களைப் பொறுத்து, 9 தாள்கள் வரை விலக்கு உண்டு. மேல்நிலைத் தாள்கள் நான்கிற்கும் யாருக்கும் விலக்கில்லை. "இன்னும் நாலே நாலுதானே" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். ஆனால் விலக்குப் பெற்ற பாடமெல்லாம் அந்த நான்கிற்குள்ளே மறைந்து நிற்கிறது. தாய் நிறுவனம் துணை நிறுவனத்தின் பங்குகளைத் தவணை தவணையாக வாங்கினால் என்ன செய்வது என்று கேட்பார்கள்; ஒருங்கிணைந்த கணக்கின் அடிப்படையே மறந்தவருக்குப் பேனா நகராது. அதைப் படித்ததோ இரண்டாம் ஆண்டில்! தணிக்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோரும் வங்கிக் கணக்கையும் சரக்கிருப்பையும் சரிபார்ப்பதிலேயே மூன்றாண்டைக் கழித்திருப்பார்கள். தேர்வுக் கட்டணமோ பவுனில். 50 புள்ளிக்கு ஒன்று குறைந்தாலும் அத்தனையும் மறுபடி கட்ட வேண்டும்.

ஆகவே மேல்நிலை நூலைத் தொடும் முன் ஆறு வாரம் ஒதுக்குங்கள் என்பேன். பழைய குறிப்புகளை வாசிப்பதால் பயன் குறைவு. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். விடையை மூடி வைத்துவிட்டுக் கொடுபட வேண்டிய செலவு, முன்கூட்டிச் செலுத்திய செலவு, தேய்மானம் ஆகியவற்றுக்குப் பற்று வரவு எழுதிப் பாருங்கள். பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பேரேடு எழுதி, ஐந்தொகை கட்டித்தான் தொழில் கற்றார்கள். கைப்பழக்கம் எளிதில் மறக்காது.

இவை மாறாதவை. மாறியவை வேறு. 2018-க்கு முன் படித்தவர்களுக்குக் குத்தகைக் கணக்கு தலைகீழாகிவிட்டது. ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டை ஆண்டுக்கு 24,000 ரிங்கிட் என்று மூன்றாண்டுக்கு எடுத்தால், முன்பெல்லாம் வாடகையைச் செலவெழுதி முடித்துக்கொள்ளலாம். 1.1.2019 முதல் எம்.எஃப்.ஆர்.எஸ். 16 விதிப்படி அது சொத்தாகவும் கடனாகவும் ஏற வேண்டும். ஆண்டிறுதியில் வாடகை, வட்டி 5 விழுக்காடு என்று கொண்டால், ஏறும் தொகை 65,358. முதலாண்டில் தேய்மானம் 21,786, வட்டி 3,268. ஆகச் செலவு 25,054. மூன்றாம் ஆண்டில் 22,929 ஆக இறங்கும். மூன்றாண்டுக் கூட்டுத்தொகை அதே 72,000. இதை ஒருமுறை கையால் போட்டவர் பிறகு தடுமாறமாட்டார்.

வரியும் அப்படியே. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடாக வந்த ஜி.எஸ்.டி. 2018 ஜூனில் சுழியமாயிற்று. செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. வருமான அறிக்கையின் அமைப்பையே மாற்றும் எம்.எஃப்.ஆர்.எஸ். 18 தொடங்கும் நாள் 1.1.2027. எந்த விதிகள் வினாவுக்கு உரியவை என்ற பட்டியலை ஒவ்வொரு தேர்வாண்டுக்கும் கழகமே வெளியிடுகிறது. முதலில் அதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும், விலக்குப் பெற்ற நிதி அறிக்கைத் தாளின் பழைய வினாக்களை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். 50 வரவில்லையானால் அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடலாம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை தேர்வு நடக்கிறது, அவசரமில்லை.

வீட்டில் இடமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் மண்டபத்து மாடி அறை காலியாகவே இருக்கிறது. சாவி செயலாளரிடம். பழைய வினாத்தாள்களும் கணிப்பொறியும் கொண்டு வாருங்கள். திருத்திக் கொடுக்க நான் வருகிறேன்.