ஆயில் லீக்கா? முதல்ல பிரீதரைப் பாருங்க

அப்பாவோட 1995 மாடல் மாருதி 800, சூலூர் போய் வர்றதுக்குள்ள அடியில ஆயில் சொட்டும். சீல் போச்சுன்னு இன்ஜினையே இறக்கி மாத்தினோம். ஒரே மாசத்துல மறுபடி சொட்டுச்சு. அப்பா, "காரை வித்துடலாம்"னுட்டார்.

பிரச்சினை, இன்ஜின் மேல்மூடியிலிருந்து ஏர் கிளீனருக்குப் போற ரப்பர் ஹோஸ்ல. அதுதான் பிரீதர். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு அது வழியாத்தான் வெளியேறணும். அடைச்சுக்கிட்டா உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாவும் ஆயிலைத் தள்ளும்.

இன்ஜின் ஆறினதும் ஹோஸைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, நல்லா காயவெச்சு மாட்டுங்க. வெடிச்சிருந்தா புதுசு போடுங்க. அப்புறமும் புகை பலமா தள்ளினா, ரிங் தேஞ்சிருக்கலாம், மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

கார் இன்னும் வீட்லதான் நிக்குதுங்க.