ஜாதகத்துக்கு முன் விசாவைப் பாருங்கள்

(தில்லை நகரில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தை விட்டு இறங்கி மெயின் ரோட்டில் நடந்து பாருங்கள். நாலு கிராஸ் தாண்டுவதற்குள் ஐஇஎல்டிஎஸ் போர்டு, ஜெர்மன் வகுப்பு போர்டு, வெளிநாட்டு மேற்படிப்பு போர்டு, விசா உதவி போர்டு என்று கண்ணில் படும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிப் பழகிய ஊர் நம் திருச்சி. 2024-இல் விமான நிலையத்துக்குப் புதிய முனையமே வந்துவிட்டது. அங்கே சிங்கப்பூர் விமானத்துக்கு வழியனுப்ப வருகிற கூட்டத்தில், தாலியில் மஞ்சள் காயாத ஒரு பெண் நிற்பாள். அவளுக்காகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்கிறோம். வீடு சொந்தமா, கடன் எவ்வளவு என்று விசாரிக்கிறோம். பத்துப் பொருத்தமும் பார்த்து, செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரமும் செய்துவிடுகிறோம். நம் பெண்ணின் பாஸ்போர்ட்டில் எந்த விசாவை ஒட்டப் போகிறார்கள், அதை வைத்துக்கொண்டு அவள் அங்கே வேலைக்குப் போகலாமா, அவனுக்கு வேலை போனால் இவள் கதி என்ன என்று எந்த வீட்டிலாவது கேட்டிருக்கிறோமா? என் கல்யாணத்தில் யாரும் கேட்கவில்லை. படித்த நானும் கேட்கவில்லை.

நான் எம்.எஸ்ஸி. முடித்து, நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். மாதம் பிறந்தால் சம்பளக் கவரை அம்மா கையில் கொடுப்பேன். அம்மா அதைச் சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார். 2008 ஜனவரியில் எச்-4 விசாவில் நியூ ஜெர்சி போய் இறங்கினேன். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குத் தருகிற விசா அது. அந்த விசாவில் இருக்கலாம், படிக்கலாம். அப்போது சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. வேலை செய்யும் அனுமதி இல்லாததால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் தரமாட்டார்கள். எங்கே போய் எந்தப் படிவத்தை வாங்கினாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, எனக்கு ஏன் எண் இல்லை என்று ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று விளக்கியிருக்கிறேன். சட்டத்தில் என்னைப் போன்றவளுக்கு ஒரு பெயர் உண்டு: சார்ந்திருப்பவர்.

என் கணவர் தங்கமானவர். இந்த மேடையில் அதை அழுத்தமாகவே சொல்கிறேன். அப்படிப்பட்டவரோடு வாழ்ந்தபோதே, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஊரிலிருந்து போன் வந்த ராத்திரி, டிக்கெட்டுக்கு அவரிடம்தான் பணம் கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துத் தந்தார். எனக்குத்தான் கை கூசியது. அம்மாவிடம் கவர் கொடுத்த கை அல்லவா அது. நல்ல மனிதன் வீட்டிலேயே நிலைமை இப்படி என்றால், கணக்குக் கேட்கிறவன் வீட்டில், கை ஓங்குகிறவன் வீட்டில் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று நினைத்துப் பாருங்கள்.

பஸ் வராத ஊரில் கார் ஓட்டத் தெரியாதவள் வீட்டுச் சிறையில் இருக்கிறாள். பனிக்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். நடந்து போகிற தூரத்தில் இருந்த பொது நூலகம்தான் எனக்குக் கைகொடுத்தது. காசு வாங்காமல் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்தினார்கள். என் பெயரைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லப் பழகிய முதல் வெளியாள் அங்கிருந்த ஓர் அம்மாள். அந்த நாட்டு மனிதர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏற்றிவிடுகிற நம் பழக்கத்தின் மேல்தான் என் கோபம்.

2015 மே 26 முதல் அமெரிக்காவில் விதி மாறியது. கணவரின் நிரந்தர வசிப்புக்கான ஐ-140 மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தால், அல்லது எச்-1பி-யின் ஆறு வருட வரம்பைத் தாண்டி அவருக்கு நீட்டிப்புக் கிடைத்திருந்தால், மனைவியும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கும் அட்டை வந்தது. முதல் நேர்முகத் தேர்வில், “ஏழு வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார்கள். குடும்பம் நடத்தினேன், குழந்தை வளர்த்தேன். அதற்கு என் பயோடேட்டாவில் இடமில்லை.

இப்போதும் கல்யாணமாகிப் போன மறுநாளே அந்த அட்டை கிடைத்துவிடாது; கணவரின் மனு அங்கீகாரத்துக்கோ நீட்டிப்புக்கோ காத்திருக்க வேண்டும். அட்டை வந்தாலும் கிரீன் கார்டு வரும்வரை அதை நம்பித்தான் இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் தருகிற வேலைவழிக் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதம் என்று வரம்பு இருக்கிறது. அதனால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கும் மேலே நீள்கிறது. அந்த வேலை அனுமதி அட்டையும் கெட்டியான அட்டை இல்லை. 2015-இலேயே அந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2017-இல் அரசே விதியை எடுக்கப் போவதாக அறிவித்தது. 2021-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. 2024 ஆகஸ்டில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. இத்தனை வருடமும் நம் பெண்கள் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாமலே வேலைக்குப் போனார்கள்.

“அமெரிக்கா தூரம், சிங்கப்பூர் பக்கம்தானே” என்பீர்கள். அங்கேயும் டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் மனைவி முன்பெல்லாம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கினால் வேலைக்குப் போகலாம். 2021 மே முதல் அது நின்றது. சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர, மற்றவர்கள் தங்களுக்கென்று ஒரு வேலை பாஸ் பெற்றாக வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவியை அழைத்துப் போகவே முடியாது. ஜெர்மனிக்கு மனைவியாகப் போகும் பலர் ஏ1 அளவு ஜெர்மன் தேறியாக வேண்டும். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் துணையை அழைக்க முடியாது. கனடாவும் 2025 ஜனவரியில் துணைவர்களுக்கான வேலை அனுமதியைச் சுருக்கிவிட்டது. ‘ஃபாரின் மாப்பிள்ளை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அதற்குள் இத்தனை கதவுகள், இத்தனை பூட்டுகள்.

“அந்த நாட்டுச் சட்டத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்?” என்று ஒரு மாமா என்னைக் கேட்டார். 2014-இல் அமெரிக்காவில் எச்-4 மனைவியரின் வேலை அனுமதிக்கான வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது ஆயிரக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மனைவிமார் எழுதினார்கள், பேசினார்கள். அவர்கள் அடுத்த நாட்டுச் சட்டத்தையே அசைத்தார்கள். இங்கே இருக்கிற நாம் கல்யாணப் பேச்சில் ஒரு கேள்வி கேட்கக்கூடாதா?

இன்னும் கசப்பான ஒன்றையும் பேசியாக வேண்டும். கட்டிக்கொண்டு போய்க் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வாங்கிவந்த விவாகரத்துத் தீர்ப்பு எப்போது இங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொன்னது. இப்படிக் கைவிடப்படும் பெண்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 1994-இல் அதே நீதிமன்றம் யோசனை சொன்னது. 2019-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. 2024-இல் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் முழுமையான சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. முப்பது வருடக் காகிதம் இது. இந்தத் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த மசோதா எங்கே என்று கேளுங்கள்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கல்யாணத்தை உடனே பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். விமானம் ஏறுமுன் பெண்ணுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். நாலு சக்கரத்தைப் பிடிக்கத் தெரிந்தவள் அங்கே கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் தானே போவாள். பட்டங்களையும் மதிப்பெண் பட்டியலையும் அவள் பெட்டியில் வையுங்கள். பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அவள் பெயரில் இங்கே ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், அதில் திரும்பி வர ஒரு டிக்கெட் பணம் இருக்கட்டும். பாஸ்போர்ட் அவள் கையில்தான் இருக்க வேண்டும். நம் தூதரகத்தின் எண் அவள் போனில் இருக்கட்டும். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். மழை வரும் என்று குடை கொடுப்பது சாபம் ஆகாது.

மாப்பிள்ளைத் தம்பிகளே, உங்களிடமும் கேட்கிறேன். பெண் பார்க்க வரும்போதே உங்கள் விசா நிலையை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவள் வேலைக்குப் போக எத்தனை வருடம் ஆகும் என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவள் ஒப்புக்கொண்டால் அது கல்யாணம். மறைத்துவிட்டு அழைத்துப் போனால் அதற்கு வேறு பெயர்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்குப் புறப்படும் முன் பயிற்சி தருகிறீர்கள். நல்ல காரியம். மனைவியாகப் போகிற பெண்ணுக்கும் ஒரு நாள் வகுப்பு வையுங்கள். விசா, வங்கி, சட்டம், உதவி எண் நாலையும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். அயலகத் தமிழர் நலத்துக்கென்றே ஒரு துறை வைத்திருக்கிறீர்கள். அந்த அயலகத் தமிழரில் பெண்களும் இல்லையா?

நான் 2019-இல் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினேன், மாமியாரைப் பார்த்துக்கொள்ள. கல்யாணமாகிப் போகும் பெண்ணை நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடுகிற நாற்று என்று நம்மவர்கள் சொல்வார்கள். நானும் கேட்டு வளர்ந்தவள்தான். லால்குடிப் பக்கம் எங்கள் நடவைப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து, வயலில் கட்டி, உழுது, பரம்படித்து, சேறு பதமாக இருக்கிறதா என்று காலை விட்டுப் பார்த்த பிறகுதான் எங்கள் அப்பா நாற்றுமுடியை அவிழ்க்கச் சொல்வார். காய்ந்த வயலில் நாற்றை வைக்க அவருக்கு மனம் வராது.

நாற்றுக்குப் பார்த்த பதத்தை எனக்குப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், வரன் வந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போன் போட்டு முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: எங்கள் பெண் அங்கே எந்த விசாவில் இருப்பாள்?