குறட்டையும் தாடைக் கருவியும்



லயமே அதிரும்படி ஒருவர் குறட்டை விட்டால், "நல்ல உறக்கம்" என்று வேடிக்கையாகக் கூறுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறாகவும் இருக்கக்கூடும்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னே சரிகிறது. குறுகிய வழியில் மூச்சு செல்லும்பொழுது மென்சதைகள் அதிர்வதே குறட்டை. சிலருக்கு அவ்வழி அடைபட்டு, 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடுகிறது. பின்னர் திணறி மூச்சிழுக்கின்றனர். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முறைக்குமேல் நேர்ந்தால், அது உறக்க மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். 30 முறையைத் தாண்டினால் கடுமையானது.

இவ்வாறு துண்டுபட்ட உறக்கத்துடன் விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்பவர், மோட்டார் சைக்கிளிலேயே கண்ணயரக்கூடும். இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் இந்நோயுடன் தொடர்புடையவை.

உடற்பருமனைக் குறைத்தல், இரவில் மதுவை விலக்கல், ஒருக்களித்துப் படுத்தல் ஆகியன பலருக்கு நன்மை தரும். நோய் கடுமையானால், மூக்கு வழியே காற்றைச் செலுத்தும் இயந்திரமே முதன்மையான சிகிச்சை. ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் இதனை அறிமுகப்படுத்தினர்.

இலேசான, நடுத்தர நோயுடையோருக்கும், அவ்வியந்திரத்தைத் தாங்க இயலாதோருக்கும் தாடைக் கருவி உதவும். பல் மருத்துவர் இரு பல்வரிசைகளுக்கும் அச்செடுத்து, அவரவர் வாய்க்கேற்ப இதனைச் செய்விக்கிறார். இரவில் அணிந்தால் அது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்துகிறது. அதனோடு நாக்கும் முன்வர, மூச்சுவழி திறக்கிறது. தொடக்கத்தில் உமிழ்நீர் மிகுதலும் தாடை வலியும் தோன்றலாம். நாளடைவில் பற்கள் சற்றே இடம்பெயரவும் கூடும். ஆதலின் பல் மருத்துவரை இடையிடையே காணுதல் வேண்டும். ஆடும் பற்களோ ஈறு நோயோ உடையவர்க்கும், போதிய பற்கள் இல்லாதவர்க்கும் இது பொருந்தாமற் போகலாம்.

கடையில் விற்கும் கருவியை வாங்கித் தாமே அணிந்துகொள்வது தக்கதன்று. குறட்டை ஓசை அடங்கினாலும் மூச்சடைப்பு தொடரக்கூடும். ஆகவே முதலில் உறக்கப் பரிசோதனை. கருவி அமைந்தபின், அதனை அணிந்தபடி மீண்டும் ஒரு பரிசோதனை.

தாய்மார்களே! தம் மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியார். அருகிருக்கும் நீங்களே அறிவீர்கள். கணவரின் குறட்டை திடீரென நின்று, பின் திணறலுடன் தொடங்கினால், அவரை அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறே மருத்துவரிடம் கூறுங்கள்.