சீருடையைக் கழற்றிய பிறகு

(தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாளையொட்டி அத்திப்பட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிகிற இந்த ஊரில் நின்றுகொண்டு, எங்கோ முதுகுளத்தூர்ச் சீமையில் பிறந்த ஒருவரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் சிலரை விடிகாலையில் மைதானத்தில் ஓடப் பார்த்திருக்கிறேன். ராணுவ ஆள்சேர்ப்புக்கும் சீருடைப் பணியாளர் தேர்வுக்கும் தயாராகிறார்கள். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டியாக நிற்பவர்களில் ராணுவத்திலிருந்தும் போலீசிலிருந்தும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் உண்டு. சீருடை போடப் போகிறவர்களும், போட்டுக் கழற்றியவர்களும் சேர்ந்து வாழ்கிற பகுதி இது. இமானுவேல் சேகரனும் சீருடை போட்டுக் கழற்றியவர்தான்.

1924 அக்டோபர் 9 அன்று செல்லூரில் பிறந்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. 1940களில் ராணுவத்தில் சேர்ந்து அவில்தாராகப் பணியாற்றினார். 1950களின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ராணுவம் என்றால் சம்பளம் மட்டுமல்ல. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அண்ணல் பிறந்ததே 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். ஊர்ப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய காலத்தில் ராணுவப் பள்ளி எழுத்தறிவு கொடுத்தது. அதற்காக ராணுவத்தில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. மகர்களை வெள்ளைக்காரன் பல்லாண்டுகள் படையில் சேர்க்காமலே வைத்திருந்தான். மகர் படைப்பிரிவு உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும், பட்டையைப் பார்த்து சல்யூட் அடிக்கிற ஓர் இடத்தில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவனால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட முடியுமா?

அதுதான் சிக்கலானது. ஊர் மாறவில்லை, திரும்பி வந்தவர் மாறியிருந்தார். இரட்டைக் குவளைக்கு எதிராகப் பேசினார். தீண்டாமைக் கொடுமை நடந்த ஊர்களுக்கெல்லாம் போனார். தன்மானத்தோடு நிமிர்ந்து நில்லுங்கள் என்று மக்களைத் திரட்டினார்.

1957 ஜூலையில் முதுகுளத்தூர் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. அதைத் தொடர்ந்து ராமநாதபுரம் மாவட்டத்தில் கலவரம் மூண்டது. செப்டம்பர் 10ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் பணிக்கர் சமாதானக் கூட்டம் கூட்டினார். முத்துராமலிங்கத் தேவரும் வந்தார், இமானுவேலும் வந்தார். எல்லாத் தலைவர்களும் சேர்ந்து ஒரே கூட்டறிக்கை தரலாம் என்பது ஆட்சியரின் யோசனை. தேவர் அதை ஏற்கவில்லை. அவரவர் தனித்தனியாகக் கையெழுத்திட்டுத் தரலாம் என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஊரில் தெரு தனி, சுடுகாடு தனி, டீக்கடையில் குவளை தனி. கடைசியில் சமாதானத்துக்கான தாளும் தனி.

மறுநாள், செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் இமானுவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறைய இன்னும் நான்கு வாரம் இருந்தது. கொலை வழக்கில் தேவர் குற்றம் சாட்டப்பட்டார். 1959இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கொலையைத் தொடர்ந்து கலவரம் மேலும் பரவியது. குடிசைகள் எரிந்தன. செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். அதையும் சேர்த்தே சொல்கிறேன். போலீஸ் துப்பாக்கியால் சாதி ஒழியாது. யார் மார்பில் குண்டு பாய்ந்தாலும் ஒழியாது.

ராணுவத்திலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் சொந்த மாவட்டத்தில் செத்தார். மனைவி அமிர்தம் கிரேசும் பிள்ளைகளும் தனித்து நின்றார்கள். 2010இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, 2011 செப்டம்பர் 11 அன்று, அவருக்கு அஞ்சலி செலுத்தப் பரமக்குடியில் திரண்ட மக்கள்மீது ஐந்துமுனைச் சாலையில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தலித்துகள் செத்து விழுந்தார்கள். முன்னாள் படைவீரருக்கு அஞ்சல்தலை, அவரை நினைக்க வந்தவர்களுக்குத் தோட்டா.

தம்பிகளே, நாம் ஒட்டுகிற போஸ்டர்களில் அவர் மிடுக்கான ராணுவ உடையில் இருக்கிறார். பெருமைதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் அந்த உடையைப் போட்டார்கள், ஓய்வூதியம் வாங்கினார்கள், நிம்மதியாக வாழ்ந்தார்கள். அதில் தவறே இல்லை. இமானுவேலை நாம் நினைப்பது, அதைக் கழற்றிய பிறகு அவர் செய்த காரியத்துக்காக. சீருடைக்குக் கிடைத்த மரியாதையைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், சீருடையே இல்லாத கூலிக்காரருக்கும் அது வேண்டும் என்று கேட்டார்.

நாளை உங்களில் ஒருவர் காவல் நிலையத்தில் எழுத்தராக உட்காரலாம். சேரியிலிருந்து ஒரு அம்மா புகாரோடு வருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். அவர் வாயால் சொன்னதை எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. நிலையங்களில் நடப்பது என்ன? “போய்ட்டு நாளைக்கு வாம்மா” என்பார்கள். அல்லது சமாதானமாகப் போகச் சொல்லி வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்குவார்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. ஓடுங்கள், தேர்வாகுங்கள், சீருடை போடுங்கள். நம் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு கையெழுத்து வாங்குங்கள். 1957இல் மறுக்கப்பட்ட அந்த ஒரே தாள், அன்றைக்கு உங்கள் மேசையில் இருக்கும்.