கேட்கத் தெரிந்தால் சிரிக்க வைக்கலாம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் பேசப்போவது பகிடியைப் பற்றி. எழுதி வைக்காமல், ஒத்திகை பார்க்காமல், அந்த இடத்திலேயே இருவர் சேர்ந்து உண்டாக்கும் பகிடி. ஆங்கிலத்தில் இதை இம்ப்ரோவ் என்கிறார்கள்.

அது எனக்குக் கிடைத்த இடம் இந்தப் பாடசாலை வளவுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெளியூர் போய்த் தங்க முடியாத யுத்த காலம் என்பதால் ஓகஸ்ட் விடுமுறைச் சாரணியர் பாசறை இங்கேயே நடந்தது. அப்போது நான் மனப்பாடக்காரி. வாப்பா எழுதித் தரும் பேச்சை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்குவேன். பாசறைத் தீயைச் சுற்றி இருந்த இரவில் டீச்சர் இரண்டு பேரை எழுப்பினார். "இவள் பஸ் கண்டக்டர். நீ கோழியோட ஏறுற மூத்தம்மா. தொடங்குங்க" என்றார். கையில் எழுத்து இல்லை. கால் நடுங்கியது.

"மூத்தம்மா, கோழிக்கு டிக்கட் எங்க?"

"அது பயணி இல்ல மகள், என்ட சாட்சி. கல்முனைக் கோட்டுக்குப் போறம்."

எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று இன்றும் தெரியாது. கண்டக்டர் தயங்கவேயில்லை. "அப்ப சாட்சிய முன் சீட்டுல இருத்துங்க. எதிர்க்கட்சிச் சேவல் பின்னுக்கு இருக்கு" என்றாள். வளவே சிரிப்பில் அதிர்ந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாளும் அதையே செய்ய வேண்டும் என்று மனம் கிடந்து துடித்தது.

யோசித்துப் பார்த்தால், என் பகிடியைக் காப்பாற்றியவள் அவள். "கோழி சாட்சி சொல்லுமா? விசர்க் கதை" என்றிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எதிரே இருப்பவர் தந்ததை வாங்கிக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பதுதான் இந்தக் கலையின் அடிப்படை விதி. அதற்கு முதலில் காது வேண்டும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சிக்காகோவில் வயோலா ஸ்போலின் என்ற பெண், குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். 1963இல் அவற்றை நூலாக்கினார். அவருடைய மகன் போல் சில்ஸ் 1959இல் நண்பர்களுடன் தொடங்கிய செகண்ட் சிற்றி அரங்கு, நகைச்சுவைக் கலைஞர்கள் பலரை உருவாக்கியது. பிறகு இது மருத்துவக் கல்விக்கும் வந்தது. நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கேற்றி வொட்சன் மருத்துவ மாணவர்களுக்கு இதைக் கற்பித்து, 2011இல் அதுபற்றிக் கட்டுரை எழுதினார்.

ஏன் மருத்துவத்துக்கு? ஒரு உதாரணம் சொல்கிறேன். வயதான ஒரு தாய், "இன்சுலின் ஊசி தொடங்கினா கண் போயிடும் டொக்டர்" என்கிறார். "அப்படி இல்லை" என்று நான் சொன்னால் கதை முடிந்தது. அவர் தலையாட்டுவார், ஊசி போடமாட்டார். "ஆருக்கு உம்மா அப்பிடி நடந்த?" என்று கேட்டால் அவருடைய ராத்தாவின் கதை வரும். பல வருடம் கட்டுப்படாத சீனியே கண்ணைக் கெடுத்தது, ஊசி பிந்தித்தான் வந்தது என்று அதன் பிறகு விளக்கலாம். சொன்னதை வாங்கிக்கொள்வது வேறு, சரி என்று ஒத்துக்கொள்வது வேறு. அந்த வித்தியாசத்தை நான் மருத்துவ பீடத்துக்குப் போகுமுன்பே பாசறைத் தீயருகில் பழகிவிட்டேன்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத நம் மூத்தம்மாமார் நினைத்த மாத்திரத்தில் கவி கட்டினார்கள். ஒருவர் பாட, மற்றவர் அதே சூட்டில் எதிர்க்கவி சொன்னார். நம் சாய்ந்தமருது எஸ். எச். எம். ஜெமீல் 'கிராமத்து இதயம்' என்ற நூலில் இப்பகுதி நாட்டார் பாடல்களைத் தொகுத்துத் தந்திருக்கிறார். அந்த நாவும் காதும் நம் இரத்தத்திலேயே இருக்கின்றன.

ஆனால் இன்று நம் பிள்ளைகளின் ஓகஸ்ட் விடுமுறை முழுவதும் டியூஷன் வகுப்புக்குப் போகிறது. பாசறை நடந்து பல வருடங்கள். விடைத்தாளுக்கு எழுதத் தெரிந்த பிள்ளை, நேர்முகப் பரீட்சையில் எதிர்பாராத ஒரு கேள்வி வந்தால் வாயடைத்து நிற்கிறாள். கல்யாணப் பேச்சில் தன் விருப்பத்தைக் கேட்டால் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். "பொம்பிளைப் பிள்ளைகள் கூத்தாடுறதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எங்களைச் சுற்றி அன்று இருந்தவர்கள் மாணவிகளும் டீச்சர்மாரும் மட்டுமே. அது போதும்.

நூற்றாண்டு நினைவாக நம் சங்கம் கட்டடம் கட்டட்டும், கணினி வாங்கட்டும். அதோடு ஓகஸ்டில் மூன்று நாள் பாசறையையும் மீண்டும் தொடங்குவோம். உடையலங்காரம் வேண்டாம், பரிசு வேண்டாம், கைத்தொலைபேசியில் படம்பிடிப்பது வேண்டவே வேண்டாம். விறகும் தேநீரும் சீனியும் என் பொறுப்பு. தூரத்தில் இருக்கும் ராத்தாமார் ஆளுக்கொரு நாள் செலவைப் பொறுப்பெடுத்தால் அடுத்த வருடமே நடத்தலாம். இன்ஷா அல்லாஹ், வரும் பிள்ளைகளில் ஒருத்தியாவது தன் வாயில் தன் சொந்தச் சொல் இருப்பதைக் கண்டுபிடிப்பாள்.

வஸ்ஸலாம்.