50 மீட்டர் துணி எங்கே போச்சு?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், உற்பத்திப் பிரிவின் கணக்காளர் பேசியது)



துணி கொடுக்கல் வாங்கல் கணக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டர் என்றதும் கொட்டாவி விடாதீங்க. போன வருஷம் நம்ம தையல் குழு ஒன்றுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் குழு என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நமக்கும் துணிப்பை ஆர்டர் வர ஆரம்பித்தது. நம் ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். துணியைக் கூட்டமைப்பு வாங்கும். குழுவினர் வெட்டித் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். துணி நம்மது, கை அவங்களது.

போன வருஷம் ஒரே ஆர்டராக 2,000 பை வந்தது. ஈரோட்டில் 36 அங்குல அகலக் காடா துணி எடுத்தோம். அந்தக் குழுவுக்கு 850 மீட்டர் கொடுத்தோம். கைப்பிடிக்கு நாடா தனி. பத்துப் பேர் உட்கார்ந்து தைத்து, சொன்ன தேதிக்கு 2,000 பையும் வந்துவிட்டது. ஒரு பைக்கு 4 ரூபாய் கூலி, மொத்தம் 8,000 ரூபாய்.

கூலி போடும்போது கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அந்தக் குழுவிடம் இன்னும் 50 மீட்டர் துணி இருப்பதாகக் காட்டியது. போன் போட்டுக் கேட்டேன். "துணியே இல்லைங்க, துண்டுதான் ஒரு சாக்கு கிடக்குது" என்றார்கள். மீட்டர் 60 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். செயற்குழுவில் பேச்சு வந்தது. துணியைக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் கூலியில் பிடிக்கலாம் என்று முடிவானது. மூன்று வாரம் கூலியை நிறுத்தி வைத்தோம். ஊருக்குள்ளே பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். யாரோ வீட்டுக்குத் தலையணை உறை தைச்சுட்டாங்களாம் என்றுகூடப் பேசினார்கள்.

நாலாவது வாரம் அந்தக் குழுத் தலைவி அக்கா, துண்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆபீசுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. குடோனில் இருந்து ஒரு பையை எடுத்துவரச் சொன்னார். பிளேடால் தையலைப் பிரித்து மேசைமேல் விரித்தார். "இப்ப அளந்து பாரு கண்ணு" என்று இஞ்ச் டேப்பை என் கையில் கொடுத்தார்.

நீளம் 84 செண்டிமீட்டர்.

நான் கம்ப்யூட்டரில் 80 என்று கணக்குப் போட்டிருந்தேன். பையின் வாய்ப்பக்கம் இரண்டு பக்கமும் 2 செண்டிமீட்டர் மடித்துத் தைக்கிறார்கள் இல்லையா, அந்த 4 செண்டிமீட்டரை நான் விட்டுவிட்டேன். தைத்து முடித்த மாதிரிப் பையை அளந்து எழுதியதால் வந்த வினை.

இது ஏன் 50 மீட்டராகப் பெருகியது என்று கேட்பீர்கள். நாம் வைத்திருக்கும் டேலி பிரைம் மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் என்னென்ன சாமான், எவ்வளவு வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கிறோம். வீட்டில் ஒரு படி அரிசிக்கு இவ்வளவு உளுந்து என்கிற மாதிரிதான். துணி வெளியே போகும்போது 'மெட்டீரியல் அவுட்' என்று பதிவு. உடனே துணி நம் குடோனில் குறைந்து, அந்தக் குழுவின் பெயரில் இருக்கும் குடோனில் ஏறும். அங்கே இருந்தாலும் அது நம் சரக்குதான். பை வந்ததும் 'மெட்டீரியல் இன்' என்று பதிவு. அப்போது பட்டியலைப் பார்த்து, பைக்கு இவ்வளவு என்று அந்தக் குழுவின் இருப்பில் துணியைக் கழிக்கிறோம். பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி. மென்பொருளிலும் இதே வழிதான். அங்கே துணி போவதற்கு 541, கழிவதற்கு 543 என்று எண் வைத்திருக்கிறார்கள்.

36 அங்குல அகலத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு பை வெட்டலாம். அப்படியானால் ஒரு பைக்கு 42 செண்டிமீட்டர். நான் எழுதியது 40. 2,000 பைக்கு கம்ப்யூட்டர் கழித்தது 800 மீட்டர், நிஜமாகச் செலவானது 840. மீதி 10 மீட்டர்? அது சாக்கில் இருந்தது. 6 மீட்டர் கறை பட்ட துணி, மற்றது தான் முடிவில் மிஞ்சிய பிட்டுகள். கம்ப்யூட்டர் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த 40-ஐ 2,000-ஆல் பெருக்கிச் சொன்னது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரே சொல்லுது என்று நாங்கள் எல்லாரும் நம்பிவிட்டோம்.

அதற்கு முன்பு 200 பை, 300 பை தைத்தபோதும் இதே தப்பு இருந்திருக்கிறது. 200 பைக்கு 4 மீட்டர்தான் வித்தியாசம். 'வேஸ்ட்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டோம். அப்போதே ஒரு பையைப் பிரித்துப் பார்த்திருந்தால் அந்த அக்காவுக்கு இந்த அவமானம் வந்திருக்காது. முழுக் கூலியும் கொடுத்தோம். செயற்குழுவில் எல்லார் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "சரி விடு" என்றார். ஆனால் அடுத்த இரண்டு ஆர்டரை அந்தக் குழு எடுக்கவில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், எந்தப் புது ஆர்டருக்கும் முதல் பத்துப் பையைக் குழுவே வெட்டித் தைக்கும். எவ்வளவு துணி செலவாச்சு என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பட்டியல் எழுதுகிறேன். வெட்டுச் சேதத்துக்கு எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தீர்மான நோட்டில் ஏறிவிடும். தானின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல், இரண்டு பேரும் சேர்ந்து அளந்துதான் கொடுக்கிறோம். 100 என்று சீட்டு ஒட்டி 98 இருந்த தானையும் பார்த்தாச்சு. கறை, ஓட்டை இருந்தால் அன்றைக்கே, அல்லது பிரித்த அன்றைக்கே சொல்லிவிடுங்க. பை வரும்போது பட்டியல்படி கழிக்கும் இடத்தில் நிஜச் செலவைத் திருத்திப் போடலாம். அதற்கு நீங்கள் சொன்னால்தானே எனக்குத் தெரியும்?

இன்னொன்று. பக்கத்துக் குழுவுக்குத் துணி பத்தவில்லை என்றால் 20 மீட்டரைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் கணக்கில் ஒரு குழுவுக்குக் குறையும், இன்னொரு குழுவுக்குக் கூடும், இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வரும். ஒரு போன் போடுங்க, நான் மாற்றி எழுதிக்கொள்கிறேன்.

சலான் எதற்கு, நமக்குள்ளே என்ன காகிதம் என்று சிலர் கேட்கிறீர்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அந்தச் சட்டத்தின் 143-வது பிரிவுப்படி, பதிவு பெற்ற நாம் கூலி வேலைக்கு அனுப்பும் துணி ஒரு வருஷத்துக்குள் பையாகவோ துணியாகவோ திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய அன்றைக்கே உங்களுக்கு விற்றதாக எடுத்துக்கொள்வார்கள். வரியும் வட்டியும் நம் தலையில் விழும். இல்லாத அந்த 50 மீட்டர் அப்படியே கிடந்திருந்தால் அதற்கும் இதே கதிதான். தையல் மெஷின் அனுப்பினால் மூன்று வருஷம் கெடு. வருஷத்துக்கு ஒருமுறை ஐ.டி.சி.-04 படிவம் போடுவது என் வேலை. அதற்கு உங்கள் சலான்தான் ஆதாரம். கூலி வேலை செய்வதற்கென்று குழு தனியாக ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டுமோ என்று பயப்படாதீங்க. நம் குழுக்களின் வரவு செலவு அந்த வரம்புக்கு வெகுதூரம் கீழே.

கம்ப்யூட்டர் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். சலானில் தேதி, எத்தனை தான், எத்தனை மீட்டர், கறை இருந்தால் எவ்வளவு, இரண்டு கையெழுத்து. ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். மாசக் கடைசியில் உங்கள் குழுவின் பெயரில் கம்ப்யூட்டர் காட்டும் இருப்பை அச்செடுத்து அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் துணியோடு ஒத்துப் பாருங்க. ஒத்து வரவில்லை என்றால் முதலில் என் கணக்கைச் சந்தேகப்படுங்க.

சலான் புத்தகம் வெளியே மேசையில் இருக்கிறது. குழுவுக்கு ஒன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.