ரெண்டு கையிலயும் பாருங்க



நானும் உங்களை மாதிரி சேமிப்புக் கட்ட வந்தவதான். 2021 ஆகஸ்ட்டுல மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்போ, சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலரா எடுத்தாங்க. அப்படித்தான் பிரஷர் மிஷின் என் பைக்குள்ள வந்துச்சு.

வீட்டுக்குப் போனா நம்ம பொம்பளைங்க இடது கையைத்தான் நீட்டுவாங்க. வலது கை மாவுக் கையா இருக்கும். நானும் இடது கையிலயே பட்டையைக் கட்டி, எழுதிட்டு வந்துருவேன். எங்க தெருவுல ஒரு பொண்ணு, 27 வயசு. மாமியாருக்குப் பார்க்கப் போறப்போ, "எனக்கும் பாருங்கக்கா"ன்னு உக்காருவா. மேல் அளவு 112, 114ன்னு வரும். "உனக்கென்ன, சின்ன வயசு"ன்னுடுவேன். துணி பிழிஞ்சா இடது கை சோர்ந்து போகுதுன்னு ரெண்டு தடவை சொன்னா. நல்லா சாப்பிடுன்னு சொல்லிட்டு வந்தேன். அதை இப்ப நினைச்சாலும் எனக்கு மனசு ஆறல.

ஒரு நாள் அவ இடது தோள்ல புள்ள தூங்கிட்டிருந்துச்சு. வலது கையை நீட்டினா. 148! மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மாமியாருக்குப் பார்த்தேன். எப்பவும் போலத்தான் காட்டுச்சு. புள்ளையைத் தொட்டில்ல போடச் சொல்லி, அவளைக் கொஞ்ச நேரம் உக்கார வெச்சு மறுபடி பார்த்தேன். வலது 146, இடது 112. இடது மணிக்கட்டுல நாடி பிடிச்சா கைக்கே தட்டுப்படல.

ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. இடது கைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருந்துச்சு. தகாயாசு நோயாம். 1908ல ஜப்பான் கண் டாக்டர் ஒருத்தர் முதல்ல எழுதினது. அபூர்வமானது, வந்தா இளம் பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். அவளோட உண்மையான பிரஷர் அந்த 148தான். நான் மாசக்கணக்கா எழுதின 112, அடைபட்ட குழாயோட அளவு. இப்ப மாத்திரையில இருக்கா.

அதுக்கப்புறம் நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். ஒரு காலேஜ் பொண்ணுக்கு 118, 124ன்னு வந்ததும் பதறிப்போய், அவங்கம்மாவையும் பதற வெச்சுட்டேன். நர்சம்மா என்னைத் திட்டினாங்க. ஆரோக்கியமான சின்ன வயசுக்காரங்களுக்கே 10க்குள்ள வித்தியாசம் சாதாரணமா வரும். முதல் தடவை கட்டும்போது கூடுதலாவும் காட்டும். 10க்கு மேல வந்தா, உக்கார வெச்சுத் திரும்பத் திரும்பப் பார்க்கணும். அப்பவும் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட அனுப்பணும். எந்தக் கையில கூடுதலோ, அடுத்த தடவையில இருந்து அந்தக் கையிலதான் பார்க்கணும்.

சாப்பாட்டுக்கு முன்னாடி வாசல் பக்கத்து மேஜையில இருப்பேன். காபி குடிச்சவங்க அரை மணி கழிச்சு வாங்க. பாத்ரூம் போயிட்டு வந்து அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காருங்க. கையைத் தொங்கப் போடாதீங்க, கட்டும்போது பேசாதீங்க. நம்மாளுங்களுக்கு அதுதான் கஷ்டம்! ரெண்டு கையையும் கழுவிட்டு வாங்க.